ஒன்பது வயதில் போன முன்பல்: பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள்

என் மகன் நாலாம் வகுப்பு படிக்கும்போது சைக்கிளிலிருந்து குப்புற விழுந்து மேல் முன்பல் ஒன்றைப் பறிகொடுத்தான். இப்போது அவனுக்கு 19 வயது. இந்தப் பத்து வருடத்தில் குழந்தைகளுக்கான பல் மருத்துவர், க்ளிப் போடுகிற மருத்துவர், பல் கட்டுகிற மருத்துவர் என்று மூன்று பேரிடம் மாறி மாறிப் போய்வந்திருக்கிறோம். எங்கள் பகுதியில் எந்தப் பிள்ளைக்கு முன்பல் போனாலும் யாராவது என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் பிள்ளையின் வாயைப் பார்த்த மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

விழுந்தது பால் பல்லா, முளைச்ச பல்லான்னு எப்படித் தெரியும்?

மேல்தாடையின் நடு முன்பற்கள் இரண்டும் 7, 8 வயதில் புதிதாக முளைக்கும். அவற்றுக்கு இரு பக்கமும் இருப்பவை 8, 9 வயதில். தானாக ஆடி விழும் பால் பல்லில் வேர் இருக்காது. அரிசிப் பொரி மாதிரி குட்டியாக இருக்கும், அடியில் குழியாக இருக்கும். நிலைப்பல் நீளமானது. வெளியே தெரிந்த பகுதியைவிட உள்ளே இருந்த வேர் நீளம். புதிதாக முளைத்த பல்லின் கடிக்கும் விளிம்பில் ரம்பம் போல மூன்று சிறு மேடுகளும் தெரியும்.

இதை முதலில் சொல்லக் காரணம், ஒரு பாட்டி பேரனின் நிலைப்பல்லைப் பால் பல் என்று நினைத்து, வழக்கப்படி சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்துவிட்டார். அப்புறம் ஏணி வைத்து ஏறித் தேடியும் கிடைக்கவில்லை.

பல்லைக் கையிலதான் வெச்சிருக்கோம். இப்ப என்ன பண்றது?

நிலைப்பல் என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள். வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொட வேண்டாம், தேய்க்க வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, பிள்ளையின் எச்சிலிலோ லேசாக அலசிவிட்டு, வந்த குழியிலேயே திரும்பச் செருகி, மேலே ஒரு சுத்தமான கைக்குட்டையை வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள். அப்படியே மருத்துவரிடம் ஓடுங்கள். செருகத் தைரியம் வரவில்லையா, குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துப் போங்கள். பால் இல்லையென்றால் பிள்ளையை ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லி அந்த எச்சிலில் போடலாம். தண்ணீர் நல்லதில்லை, ஆனால் காய விடுவதற்கு அதுவே மேல்.

வேரைச் சுற்றி உயிருள்ள மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. பல்லை எலும்போடு கட்டி வைப்பது அதுதான். காற்றில் காய்ந்தால் நிமிடக் கணக்கில் சாக ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம் போனால் ஏறக்குறைய முழுதும் போய்விடும். நான் செய்த தப்பு இதில்தான். சுத்தமாக இருக்கட்டும் என்று பல்லைக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை. மருத்துவரைக் கண்டுபிடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது.

தடுப்பூசிச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். தரையில் விழுந்த பல் என்றால் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேட்பார்கள். பால் பல் விழுந்திருந்தால் மட்டும் திரும்பச் செருகக் கூடாது, உள்ளே வளர்கிற பல்லை அது கெடுத்துவிடும்.

அவ்வளவு லேட்டா வெச்ச பல்லால என்ன பிரயோஜனம்? ஒட்டவா போகுது?

ஒட்டும், ஆனால் வேறு விதமாக. சவ்வு செத்த பல்லை எலும்பு நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு வேரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து அந்த இடத்தில் எலும்பே வளரும். இது தெரிந்தும் தாமதமாக வந்த பல்லைக்கூடத் திரும்ப வைக்கச் சொல்கிறார்கள். பல் காயங்களுக்கான சர்வதேச சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பல் ஆயுசுக்கும் நிற்காது. ஆனால் இருக்கிற வரைக்கும் இடத்தையும் எலும்பையும் காவல் காக்கும்.

என் மகனுக்கு அப்படித்தான் மூன்று வருடம் ஓடியது. 11 வயதில் அந்தப் பல் மட்டும் குட்டையாகத் தெரிய ஆரம்பித்தது. மருத்துவர் கண்ணாடியின் பின்முனையால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக் காட்டினார். மற்றவை 'டொக்' என்றன, அது மட்டும் சீனாப் பீங்கான் மாதிரி 'டிங்' என்றது. எலும்போடு ஒட்டிய பல்லின் சத்தம் அது. 12 வயதில் மேல்பகுதியை மட்டும் எலும்பு மட்டத்துக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டு, வேரை உள்ளேயே விட்டு ஈறால் மூடினார்கள். ஸ்வீடனில் மால்ம்கிரென் என்ற பல் மருத்துவரும் உடனிருந்தவர்களும் 1984-ல் எழுதிய முறை இது. பிடுங்கினால் எலும்பும் பெயர்ந்து குழி விழும். இப்படி விட்டால் வேர் மெல்ல எலும்பாக மாறி மேடு அப்படியே நிற்கும். யாராவது முழுசாகப் பிடுங்கிவிடலாம் என்றால், இந்த முறை உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பணம் பிரச்னை இல்ல. இப்பவே ஸ்க்ரூ பல் வெச்சுட்டா என்ன?

பணம் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. இம்ப்ளான்ட் என்கிற ஸ்க்ரூ பல் டைட்டானியத்தால் ஆனது. சவ்வு எதுவும் இல்லாமல் எலும்பு அதை நேரடியாகக் கவ்விக்கொள்ளும். பெரியவர்களுக்கு அதுதான் அதன் பலம். வளர்கிற பிள்ளைக்கு அதுவே வினை.

பிள்ளையின் மேல்தாடை வளர வளரக் கீழ்நோக்கியும் முன்நோக்கியும் வருகிறது. மற்ற பற்கள் தங்கள் சவ்வின் தயவால் கூடவே இறங்கி வருகின்றன. ஸ்க்ரூ வைத்த இடத்திலேயே நின்றுவிடும். சுவரில் அடித்த ஆணி மாதிரி. மேலே சொன்ன என் மகனின் பல் குட்டையானதும் இதே கணக்குதான். 11 வயதில் இம்ப்ளான்ட் வைத்தால், 18 வயதில் பக்கத்துப் பல்லைவிடப் பல மில்லிமீட்டர் மேலே தொங்கிக்கொண்டிருக்கும், ஈறும் அதோடு சேர்ந்து ஏறியிருக்கும். எடுப்பதும் லேசில்லை, எலும்பைக் குடைந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே இந்தப் பக்கத்தில் இனி வருவதில் பெரும்பாலானவை இடைக்கால ஏற்பாடுகள்தான். அந்த இடைக்காலம் எட்டுப் பத்து வருடம் என்பதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

அப்ப பெரியவனாகற வரைக்கும் சும்மா விட்டுடலாமே? ஆம்பளப் பையன்தானே?

ஆம்பளப் பையனுக்குச் சிரிப்பு வேண்டாமா? அதை விடுங்கள். இடம் காலியானால் இரண்டு பக்கப் பற்களும் அதற்குள் சாய்ந்துவரும், சில மாதங்களிலேயே. நடுக்கோடு ஒரு பக்கம் நகரும். பல் இல்லாத எலும்பும் மெலியும். முதல் ஆறு மாதத்தில்தான் அதிகமாக. 18 வயதில் பல் வைக்கப் போகும்போது இடம் பாதிதான் இருக்கும். வைக்கிற பல் அழகுக்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இடத்தைப் பிடித்து வைப்பது அதற்குக் குறையாத வேலை. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி.

பத்துப் பன்னிரண்டு வயசுல என்னதான் வைப்பாங்க?

பெரும்பாலும் கழற்றி மாட்டும் ப்ளேட். அண்ணத்தின் அச்செடுத்து, இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் ஒரு தகடு, அதன் முனையில் ஒரு பல், பின்பற்களைப் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி. ஒரு வாரத்தில் கிடைத்துவிடும், விலையும் குறைவு. வாய் வளர வளர இறுகும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை காட்டித் தேய்த்துச் சரி செய்ய வேண்டும், வருடத்துக்கு ஒன்று புதிதாகச் செய்ய வேண்டிவரலாம். சில இடங்களில் கண்ணாடி போன்ற மெல்லிய உறைக்குள் பல் வைத்துத் தருவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சாப்பிடும்போது கழற்ற வேண்டும், சீக்கிரம் தேயும்.

ப்ளேட்டின் மிகப் பெரிய எதிரி, தொலைந்துபோவது. ஒரு கல்யாணப் பந்தியில் அப்பளம் சிக்குகிறது என்று என் மகன் அதைக் கழற்றி இலை ஓரத்தில், உப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். சாப்பிட்டு இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டான். கை கழுவும்போதுதான் ஞாபகம். மண்டபத்துக்குப் பின்னால் குவிந்திருந்த இலைகளை நானும் அவன் அப்பாவும் பட்டுப்புடவை, பட்டுவேட்டியோடு ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பாயசத்தில் ஊறிக் கிடைத்தது. அன்றிலிருந்து பையில் ஒரு சின்ன மூடி போட்ட டப்பா. பழைய ப்ளேட்டையும் தூக்கிப்போடாதீர்கள், அவசரத்துக்கு உதவும்.

ப்ளேட் போட்டதுல இருந்து பேச்சு குழறுது. ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்களாம்.

நம் 'த'வும் 'ந'வும் நாக்கு மேல் முன்பல்லின் பின்புறத்தைத் தொட்டுப் பிறப்பவை. அங்கே பல் இல்லாவிட்டாலும் குழறும், புதிதாகத் தகடு வந்தாலும் குழறும். 'பல் போனால் சொல் போச்சு' என்று சும்மாவா சொன்னார்கள். ஓரிரு வாரத்தில் நாக்கு பழகிவிடும். நாங்கள் பஸ் ஸ்டாண்டில் போர்டுகளைச் சத்தமாகப் படிக்க வைத்தோம். சாத்தூர், சிவகாசி, சங்கரன்கோவில், திருத்தங்கல். அவனுக்கு விளையாட்டாகவும் இருந்தது. மூன்று வாரம் தாண்டியும் குழறினால் தகடு தடிமனாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டினால் தேய்த்துத் தருவார்.

கிண்டலுக்கு என்னிடம் மருந்தில்லை. வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லி வைத்தோம். அவனோ நான்காம் நாளே ப்ளேட்டை நாக்கால் தள்ளிக் காட்டி ஐந்து பேரைப் பயமுறுத்தி ஹீரோ ஆகிவிட்டான். எல்லாப் பிள்ளைக்கும் இந்தத் துணிச்சல் இருக்காது. பேசாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பிள்ளையென்றால் 'பரவாயில்ல விடு' என்று கடந்து போகாதீர்கள்.

ராத்திரி போட்டுக்கிட்டே தூங்கலாமா?

கூடாது. கழற்றி, பிரஷ்ஷும் சோப்பும் போட்டுக் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், சுடுதண்ணீரில் போட்டால் வளைந்துவிடும். இராப்பகலாகப் போட்டிருந்தால் அண்ணம் செக்கச்செவேல் என்று பூஞ்சை பிடிக்கும். நீச்சல், கபடி, ஓட்டப்பந்தயம் எல்லாவற்றுக்கும் கழற்ற வேண்டும். உடைந்த துண்டை விழுங்கினால் அக்ரிலிக் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டதும் நான் இதில் கறாராகிவிட்டேன்.

கழற்றாத மாதிரி ஒட்டியே விட முடியாதா?

முடியும். பக்கத்துப் பற்கள் நன்றாக இறங்கிய பிறகு, ஏறக்குறைய 12, 13 வயதுக்கு மேல். ஒரு செயற்கைப் பல், அதன் பக்கவாட்டில் மெல்லிய இறக்கை. அந்த இறக்கையைப் பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் பசையால் ஒட்டுகிறார்கள். மேரிலாண்ட் ப்ரிட்ஜ் என்பார்கள். அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களின் தொடக்கத்தில் உருவானதால் அந்தப் பெயர். பக்கத்துப் பல்லைச் செதுக்க வேண்டியதில்லை, அல்லது நகம் அளவு தொட்டால் போதும். இறக்கை உலோகமாக இருந்தால் பக்கத்துப் பல் லேசாகச் சாம்பல் தட்டும். சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கானில் அந்தக் குறை இல்லை, விலைதான் கூட. பிள்ளையின் வாயிலிருந்து வெட்டி எடுத்த சொந்தப் பல்லையே நார் வைத்து ஒட்டுவதும் உண்டு. நிறம், வடிவம் எதற்கும் அலைய வேண்டாம்.

என் மகனுக்கு 14 வயதில் இது வந்தது. இதுவரை இரண்டு முறை கழன்றுவிட்டது. ஒன்று பொங்கல் கரும்பு, இன்னொன்று கொய்யாக்காய். கழன்றால் பத்திரமாக எடுத்துப் போனால் திரும்ப ஒட்டிவிடுவார்கள். தயவுசெய்து வீட்டில் ஃபெவிக்விக் போடாதீர்கள். போட்ட ஓர் அப்பாவை எனக்குத் தெரியும். பல் கோணலாக ஒட்டி, ஈறும் வெந்து, பசையைச் சுரண்டி எடுக்க ஒன்றரை மணி நேரம்.

ரெண்டு பக்கமும் ஒட்டினா பலம்தானே? இல்லேன்னா ரெண்டு பல்லையும் செதுக்கி கேப் போட்டு ப்ரிட்ஜ் கட்டிடலாமே?

நானும் இதையேதான் கேட்டேன். இரண்டு பற்களும் கடிக்கும்போது வெவ்வேறு திசையில் நுணுக்கமாக அசைகின்றன, வளரும் வயதில் இடமும் மாறுகின்றன. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒரு பக்கம் பிடிப்பு விட்டுப்போகும், ஆனால் மறுபக்கம் பிடித்திருப்பதால் பல் விழாது. விட்டுப்போனது தெரியாமலே இறக்கைக்கு அடியில் சொத்தை விழும். ஒற்றை இறக்கை கழன்றால் கையில் வந்துவிடும், அவ்வளவுதான்.

செதுக்கி கேப் போடுவது இந்த வயதில் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைகளின் பல்லுக்குள் நரம்பு அறை பெரியது. செதுக்கினால் நரம்பு பாதிக்கும், ரூட் கெனால் வரை போகும். போன ஒரு பல்லுக்காக நல்ல இரண்டு பல்லைக் காவு கொடுப்பது என்ன கணக்கு?

க்ளிப் போடணும்னு சொல்லிட்டாங்க. அப்ப அந்தப் பல்லு?

க்ளிப் கம்பியிலேயே ஒரு செயற்கைப் பல்லைக் கோத்துவிடுவார்கள். வெளியே வித்தியாசமே தெரியாது. என் மகனுக்கு ப்ளேட் தொல்லை இல்லாத அந்த ஒன்றரை வருடம்தான் பொற்காலம்.

க்ளிப் கழற்றும் முன் ஒன்று கேளுங்கள்: வேர்களுக்கு நடுவிலும் இடம் இருக்கிறதா? வெளியே பற்கள் நேராகத் தெரியும், உள்ளே வேர்கள் ஒன்றை ஒன்று பார்த்துச் சாய்ந்திருக்கும். பிற்பாடு ஸ்க்ரூ இறக்க இடமில்லாமல் மறுபடி க்ளிப் போட வேண்டிவரும். ஓர் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

வேற பல்லை எடுத்து அந்த இடத்துல நடறாங்களாமே, நிஜமா?

நிஜம். எனக்கு ஆதங்கம் உள்ள விஷயமும் இதுதான். பிள்ளையின் சொந்த முன்கடைவாய்ப்பல் ஒன்றை, வேர் பாதி முதல் முக்கால்வாசி வரை வளர்ந்திருக்கும்போது எடுத்து முன்னால் நட்டு, பிறகு முன்பல் போல வடிவம் கொடுக்கிறார்கள். அதற்குச் சவ்வு உண்டு. அதனால் முகத்தோடு சேர்ந்து வளரும், எலும்பையும் வளர்க்கும். நார்வேயில் இதை வெகுகாலமாகச் செய்கிறார்கள். 17 முதல் 41 வருடம் கழித்துத் திரும்பப் பார்த்ததில் பத்தில் ஒன்பது பல் வாயில் இருந்ததாக 2002-ல் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் இதற்கான வயது ஏறக்குறைய 9-லிருந்து 13 வரைதான். க்ளிப்புக்காக எப்படியும் ஒரு பல்லை எடுக்க வேண்டிய, நெருக்கடியான வாயாக இருந்தால் சாலப் பொருத்தம். கைதேர்ந்தவர்களும் வேண்டும், எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார்கள். நான் இதைக் கேள்விப்பட்டபோது என் மகனுக்கு 13 முடிந்து வேர்களும் மூடிவிட்டன. உங்கள் பிள்ளைக்கு 10 வயது என்றால் இந்த மாதமே கேளுங்கள்.

பக்கத்துப் பல்லை இழுத்து ஓட்டையை மூடிட்டா வேலை முடிஞ்சுதே?

சில வாய்களுக்குச் சரிவரும். நடுப்பல்லுக்கு அடுத்த பல் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி. நடுப்பல்லே போனால் கஷ்டம். அது சுமார் எட்டரை மில்லிமீட்டர் அகலம், அந்த இடத்துக்கு வரும் பக்கத்துப் பல் ஆறரை, ஏழுதான். மேலே பூசி அகலமாக்க வேண்டும், அதன் இடத்துக்கு வரும் கோரைப்பல்லின் முனையையும் தேய்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் செலவு? அரசு ஆஸ்பத்திரியில பார்ப்பாங்களா?

ப்ளேட்டுதான் மலிவு, ஆனால் திரும்பத் திரும்ப வரும் செலவு. ஒட்டும் ப்ரிட்ஜ் அதைவிடக் கூட, க்ளிப்பும் இம்ப்ளான்ட்டும் பத்தாயிரக் கணக்கில் போகும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் க்ளினிக்கைவிடக் குறைவாக இருக்கும், காத்திருக்கத்தான் நேரம் வேண்டும். எங்கே போனாலும் எக்ஸ்ரே, அச்சு எல்லாவற்றையும் கேட்டு வாங்கி ஒரு ஃபைலில் வையுங்கள்.

பொண்ணுக்கு 16 ஆகுது, உயரம் நின்னு ஒரு வருஷம் ஆச்சு. இப்ப இம்ப்ளான்ட் வைக்கலாமா?

உயரம் நின்றது நல்ல அறிகுறி, ஆனால் அது மட்டும் போதாது. முகம் உயரத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் வளரும். பெண்களுக்கு 17, 18, ஆண்களுக்கு 20, 21 என்று தோராயமாகச் சொல்கிறார்கள். சிலருக்கு இன்னும் தள்ளிப்போகும். தலையைப் பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, மாற்றம் இல்லையென்றால்தான் பச்சைக்கொடி. அதற்குள் எலும்பு மெலிந்திருந்தால், எலும்புத் தூள் வைத்து மேடு கட்டிய பிறகு ஸ்க்ரூ வைப்பார்கள்.

'மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வருவதற்குள்' என்று அவசரப்படுகிறவர்களுக்கு: ஒட்டிய பல் நன்றாக இருந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அதோடு, அந்த ஒட்டுப் பல்லே பல வருடம் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். 21 வயதானால் இம்ப்ளான்ட் வைத்தே தீர வேண்டும் என்ற சட்டம் ஏதும் இல்லை.

இம்ப்ளான்ட் வெச்சப்புறம் இந்தத் தலைவலி தீர்ந்துடுமா?

பெரும்பகுதி தீரும். ஆனால் பெரியவர்களான பிறகும் சொந்தப் பற்கள் மிக மெதுவாக இறங்கிக்கொண்டுதான் இருக்கும், நிறமும் மாறும். ஸ்க்ரூ பல் இரண்டும் செய்யாது. பத்து, இருபது வருடத்தில் மேலே உள்ள கேப்பை மாற்ற வேண்டிவரலாம். சொத்தை வராது, ஆனால் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடும். சிகரெட் பிடித்தால் இன்னும் மோசம்.

என் மகனின் இரண்டு எக்ஸ்ரேக்களையும் போன மாதம் வைத்துப் பார்த்தார்கள். தாடை இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, பொறுங்கள் என்றுவிட்டார்கள். அடுத்த எக்ஸ்ரே தை கழித்து. அவனுக்கு ஒன்றும் அவசரமில்லையாம். பொங்கலுக்குக் கரும்பை மட்டும் துண்டு துண்டாக நறுக்கித் தரச் சொல்லியிருக்கிறான்.